ஷெட்டிஹள்ளி மாதா கோயில்: 40 வருடத் தண்ணீருக்கும் தாங்கி நிற்பது முட்டையாலும் வெல்லத்தாலுமா?

தென்னங்கீற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பழைய கட்டட வேலை தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன்.

நான் குடவாசல் பக்கத்துக்காரி. சின்ன வயதில் ஹேமாவதியை ஓர் ஆறாக எனக்குத் தெரியாது. மாலைச் செய்தியில் கிருஷ்ணராஜசாகர், கபினி, ஹேமாவதி, ஹாரங்கி என்று நீர்மட்டம் வாசிக்கும்போது அப்பா கையைக் காட்டி எங்களைப் பேசாமல் இருக்கச் சொல்வார். அந்த நாலு பெயரில் ஒன்று, அவ்வளவுதான். அந்தத் தண்ணீரை நேரில் பார்த்தது போன அக்டோபரில். அக்கா குடும்பத்தோடு பேலூர், ஹளேபீடு போய்விட்டுத் திரும்பும் வழியில் ஷெட்டிஹள்ளி மாதா கோயிலுக்குப் போனோம். ஹாசனிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். ஹேமாவதியின் குறுக்கே கட்டிய கொரூர் அணையின் நீர்தேக்கத்துக்குள் நிற்கும் செபமாலை மாதா கோயில்.

சாலை திரும்பியதும் வண்டியில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். தண்ணீர் விளிம்பு வரை நிரம்பிக் கிடந்தது. அதன் நடுவே கூரை இல்லாத கோயில். கூர்நுனி ஜன்னல்கள் வழியாக எதிர்ப்பக்கத்து வானம் தெரிந்தது. பரிசலில் சுற்றி வந்தோம். சுவரின் கீழ்ப்பகுதி முழுக்கத் தண்ணீருக்குள். வளைவுக்கு அடியில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது.

மனது அடங்காமல் மார்ச்சில் மறுபடி போனேன். அப்போது தண்ணீர் எங்கோ தள்ளிப் போயிருந்தது. நடந்தே உள்ளே போனேன். தரை வெடித்த சேறு, மேலே புல், மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அக்டோபரில் பரிசலிலிருந்து கையை நீட்டித் தொட்ட சுவரை இப்போது அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. பீடம் இருந்த பக்கம் போய் நின்று கொஞ்ச நேரம் செபம் சொன்னேன். அங்கே கடைசியாகப் பூசை எப்போது நடந்திருக்கும் என்ற நினைப்பு வந்ததும் கண் கலங்கிவிட்டது.

பரிசல்காரர், வந்திருந்த சுற்றுலாக்காரர்கள், எல்லோரும் ஒரே கதையைத்தான் சொன்னார்கள்: சுண்ணாம்போடு வெல்லமும் முட்டையும் கலந்து கட்டியதால் தண்ணீரால் இதை ஒன்றும் செய்ய முடியவில்லையாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மார்ச்சில் சுவரடியில் விழுந்து கிடந்த செங்கற்களைப் பார்த்த பிறகு மனம் ஒப்பவில்லை.

என் கேள்விகள்: இதை யார், எப்போது கட்டினார்கள்? முட்டை, வெல்லக் கதை எவ்வளவு உண்மை? உண்மையில் எது இதைத் தாங்குகிறது? இன்னும் எத்தனை நாள் தாங்கும்?

---

மைசூர்வண்டி எழுதியது:

வரலாற்றுப் பகுதியை மட்டும் நான் சொல்கிறேன். கட்டட விஷயத்துக்குக் கரணை அண்ணன் வந்தால் நல்லது.

கோயில் 1860-களில் எழுந்தது. கட்டியவர்கள் பிரெஞ்சு மிஷனரிகள். மைசூர் மறைத்தளம் அப்போது பாரிஸ் வேதபோதக சபையின் கையில் இருந்தது. புதுச்சேரியிலும் கோவையிலும் வேலை செய்தவர்கள் இதே சபைக் குருக்கள்தான். நம் ஊர்களில் கூர்நுனி வளைவோடு பழைய மாதா கோயில்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஷெட்டிஹள்ளியைப் பார்த்ததும் தெரிந்த முகம் மாதிரித் தோன்றுவது அதனால்தான். புதுச்சேரி இருதய ஆண்டவர் கோயிலும் பெங்களூர் சிவாஜிநகர் மரியன்னை கோயிலும் இதே கோதிக் பாணி. இரண்டுமே ஷெட்டிஹள்ளிக்குப் பிறகு வந்தவை. பெங்களூர்க் கோயில் முடிந்தது 1882-ல், புதுச்சேரிக் கோயில் 1907-ல். இவ்வளவு உள்ளே தள்ளிய ஒரு கிராமத்தில், அதுவும் அவற்றுக்கு முன்பே, இப்படி ஒரு கோயிலை எழுப்பியிருக்கிறார்கள். எனக்கு அது சாதாரணமாகப் படவில்லை.

ஹாசன் பக்கத்துக் கத்தோலிக்கக் கிராமங்களின் கதை இன்னும் பழையது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்த பிறகு, சிதறிப்போன கிறிஸ்தவர்களைத் திரட்ட வந்தவர் அபே துபுவா என்ற பிரெஞ்சுக் குரு. புதுச்சேரி வழியாக வந்தவர், 1792 முதல் 1823 வரை நம் நாட்டில் இருந்தார். நிலம் இல்லாத கிறிஸ்தவர்களை விவசாயக் குடியிருப்புகளாகக் குடியேற்றினார். அவற்றில் பெயர் பெற்றது ஹாசன் பக்கத்துச் சாத்தள்ளி. அம்மைத் தடுப்பூசியை அந்த ஊர்களுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஷெட்டிஹள்ளிக் கோயில் எழுந்தது அவர் போய் ஒரு தலைமுறைக்குப் பிறகு.

அணை 1979-ல் முடிந்தது. ஊர் மேட்டுக்கு மாறியது, கோயில் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. அணையின் முழு நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 2,922 அடி. கர்நாடக அணை நீர்மட்டச் செய்தியில் ஹேமாவதி அந்த எண்ணை நெருங்கினால் கோயில் தண்ணீருக்குள் இருக்கிறது என்று வீட்டிலிருந்தே சொல்லிவிடலாம்.

---

கரணை எழுதியது:

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் காரைக்குடிப் பக்கம். அப்பாவும் தாத்தாவும் சுண்ணாம்புக் கொத்தனார்கள். நானும் 30 வருடமாகப் பழைய வீடு, கோயில், மாதா கோயில் பழுதுபார்க்கும் வேலையில்தான் இருக்கிறேன். ஷெட்டிஹள்ளிக்கு ஒரு முறை போயிருக்கிறேன், வெயில் காலத்தில். சுவரைத் தடவிப் பார்த்தேன். இனி சொல்வது அந்த ஒரு நாளும் கைவேலையும் சொல்லித் தந்தது.

முதலில் முட்டை. முட்டை வெள்ளைக்கரு எங்கள் வேலையில் உண்டு, பொய்யில்லை. ஆனால் அது கடைசி மேல்பூச்சுக்கு. செட்டிநாட்டு வீடுகளில் கண்ணாடி மாதிரி மின்னுகிறதே ஒரு பூச்சு, அதை நைசாக அரைத்த சுண்ணாம்பில் வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவோம். இரண்டடி, மூன்றடி கனச் செங்கல் சுவருக்குள் போகும் சாந்தில் யாரும் முட்டையைக் கொட்டமாட்டார்கள். அத்தனை முட்டைக்கு எந்த ஊரும் போதாது. வெல்லமும் கடுக்காயும் வேறு சங்கதி. இரண்டையும் ஊறப்போட்டுப் புளித்த தண்ணீரில் சாந்தைக் குழைப்போம். கரணைக்குச் சாந்து வழுவழுப்பாக வரும், சீக்கிரம் இறுகாது, வெடிப்பு குறையும். ஆனாலும் வெல்லம் தண்ணீரைத் தடுக்கும் மருந்து என்று நினைக்காதீர்கள். அது வேலைக்கு உதவும் பொருள்.

தண்ணீர் என்று வரும்போது பார்க்க வேண்டியது செங்கல் தூள், அதாவது சுர்க்கி. வெறும் சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துத்தான் கல்லாகும். தண்ணீருக்கு அடியில் அதற்குக் காற்று ஏது? நன்றாகச் சுட்ட செங்கலைப் பொடித்துச் சேர்த்தால் அந்தத் தூளும் சுண்ணாம்பும் ஈரத்திலேயே பிடித்துக்கொள்ளும். அதனால்தான் நம் ஆட்கள் குளத்துப் படிக்கட்டுக்கும் கிணற்று உள்சுவருக்கும் மதகுக்கும் சுர்க்கிச் சாந்து போட்டார்கள். அடுத்த முறை போனால், உதிர்ந்து கிடக்கும் காரைத் துண்டின் உடைந்த பக்கத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, இடையிடையே செம்பொடி தெரிந்தால் சுர்க்கி சேர்த்திருக்கிறார்கள். வெள்ளையாக, மணல் மட்டும் தெரிந்தால் சேர்க்கவில்லை. படம் எடுத்துப் போடுங்கள், துண்டை எடுத்து வந்துவிடாதீர்கள்.

இனி, எது தாங்குகிறது என்ற கேள்வி. என் கணக்கில் இரண்டு காரணம், இரண்டும் சாந்துக் கலவைக்கு வெளியே இருக்கின்றன.

ஒன்று, கதவும் ஜன்னலும் இல்லாதது. தண்ணீர் ஏறும்போது உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்தில் ஏறுகிறது. சுவரை இந்தப் பக்கம் தள்ளும் பாரத்தை அந்தப் பக்கத்துத் தண்ணீர் சமன் செய்துவிடுகிறது. கதவெல்லாம் சாத்தி உள்ளே காய்ந்திருந்து வெளியே 3 மீட்டர் தண்ணீர் நின்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் நாலரை டன் பாரம் உள்பக்கம் தள்ளும். பழைய செங்கல் சுவர் முதல் வருடமே சரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் போகும்போது கதவு ஜன்னல் கூரை எல்லாம் போய்விட்டதே என்று நாம் வருந்துகிறோம், நானும் அங்கே நின்று வருந்தினேன். அந்தத் திறப்புகள் வழியாகத்தான் தண்ணீர் சண்டையில்லாமல் உள்ளே வந்து போகிறது.

இரண்டு, வளைவு. செங்கலும் சுண்ணாம்பும் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. வளைவில் இருப்பது அமுக்கம் மட்டுமே. அரைவட்ட வளைவை விடக் கூர்நுனி வளைவு பாரத்தைச் செங்குத்தாகக் கீழே இறக்கும், பக்கவாட்டில் தள்ளுவது குறைவு. மிச்சமிருக்கும் தள்ளலை வெளியே முட்டுக் கொடுத்த உதைசுவர் வாங்கிக்கொள்ளும். இந்த வேலையைக் கட்டியவர்கள் சுத்தமாகச் செய்திருக்கிறார்கள். வளைவுக் கற்றையில் செங்கல் ஒவ்வொன்றும் மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைக் கீழே படுத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு கொத்தனார் சாரத்தில் உட்கார்ந்து, நூல் பிடித்து, ஒவ்வொன்றாகத் தட்டி உட்காரவைத்தது. பெயர் இல்லாத அந்த மனிதருக்கு அங்கேயே ஒரு கும்பிடு போட்டேன்.

ஆனால் சுவர் அழிந்துகொண்டுதான் இருக்கிறது. பார்த்திருப்பீர்கள், எல்லாவற்றுக்கும் மோசமான சேதம் அடியில் இல்லை, தண்ணீர் ஏறி இறங்கும் அந்தப் பட்டையில்தான். எப்போதும் நனைந்தே கிடக்கும் சுவர் நீண்ட நாள் இருக்கும். எப்போதும் காய்ந்தே கிடக்கும் சுவரும் இருக்கும். வருடா வருடம் நாலைந்து மாதம் ஊறி, பிறகு ஏப்ரல் வெயிலில் காய்கிற சுவரில்தான் சிக்கல். ஊறும்போது உப்பு கரைந்து செங்கலுக்குள் போகும். காயும்போது தோலுக்கு அடியில் படிகமாகும், படிகம் பெரிதாகிச் செங்கலின் முகத்தையே தள்ளிவிடும். கையால் தடவினால் மாவாக உதிர்கிறதே, அது இதுதான். அதோடு காற்றடிக்கும் நாளில் அலை வேறு அதே உயரத்தில் அறைகிறது. 1979-க்குப் பிறகு இது 40 தடவைக்கு மேல் நடந்துவிட்டது.

மேலிருந்தும் ஒரு கேடு. கூரை இருந்தவரை சுவரின் தலை மூடியிருந்தது, மரச்சட்டங்கள் இரண்டு பக்கச் சுவரையும் ஒன்றோடொன்று கட்டிப் பிடித்திருந்தன. கூரை போனதும் மழை நேராகச் சுவர்த் தலைக்குள் இறங்குகிறது. பறவை எச்சத்தில் வரும் ஆல விதையும் அரச விதையும் அந்த ஈரத்தில் முளைக்கின்றன. வேர் ஒரு விரல் கனம் வந்துவிட்டால் பிடுங்கக் கூடாது, சுவரோடு சேர்ந்து வரும். கன்றாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டும்.

இன்னும் எத்தனை நாள் என்று கேட்டிருக்கிறீர்கள். சில பகுதிகள் ஏற்கெனவே விழுந்துவிட்டன. வளைவில் ஒரு கால் போனால் பக்கத்து வளைவு தள்ளலுக்கு ஆதரவில்லாமல் போகும், அதன் பிறகு வரிசையாகப் போகும். நாள் குறிக்க என்னால் முடியாது.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். சுண்ணாம்புக் கட்டடத்தைக் கட்டி முடித்துவிட்டேன் என்று எந்தக் கொத்தனாரும் சொன்னதில்லை. எங்கள் பக்கத்து மாதா கோயிலில் கொடியேற்றத்துக்கு 15 நாள் முன்னால் அப்பா சாரம் கட்டுவார். விரிசலில் சாந்து அடைப்பு, சுவர்த் தலையில் செடி பிடுங்கல், ஓட்டு மாற்றம், கடைசியில் இரண்டு கை வெள்ளை. ஊர் வரி போட்டுச் சுண்ணாம்பு வாங்கும், பெண்கள் தண்ணீர் எடுத்துத் தருவார்கள். அந்த வெள்ளை அழகுக்கு மட்டும் அல்ல. வருடம் ஒரு மெல்லிய சுண்ணாம்புத் தோல் ஏறி மயிர்க்கோட்டு விரிசல்களை அடைத்துவிடும். ஷெட்டிஹள்ளியிலும் 100 வருடத்துக்கு மேல் யாரோ இதைச் செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் அணை வரும் வரைக்கும்கூட அது இருந்திருக்காது. கலவையில் என்ன போட்டார்கள் என்பதை விட அந்த வருடாந்தரக் கைதான் அதைக் காத்தது. ஊர் மேட்டுக்குப் போனபோது அந்தக் கையும் போய்விட்டது.

---

பண்ணவாடி எழுதியது:

கரணை அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் ஊர்ப் பரிசல்துறையை நினைத்துக்கொண்டேன். மேட்டூர் அணை கட்டியது 1925-லிருந்து 1934 வரை. நீர்மட்டம் 120 அடி நிறைந்திருக்கும்போது இங்கே தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாது. 80 அடிக்குக் கீழே சரியும்போது பண்ணவாடியில் பழைய கிறிஸ்தவக் கோயிலின் இரட்டைக் கோபுரம் தலை நீட்டும். இன்னும் 10 அடி இறங்கினால் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வரும். கோபுரம் தெரிந்தால் டெல்டாவில் தண்ணீருக்குக் கஷ்டம் என்று அர்த்தம், அதனால் பத்திரிகைக்காரர்கள் உடனே வந்துவிடுவார்கள். எங்கள் பாட்டி மட்டும் அந்தச் செய்தியை வேறு மாதிரி எடுத்துக்கொள்வார். மாதா மூச்சு விட வந்திருக்கிறாள் என்பார்.

ஒரு கேள்வி. மைசூரில் கண்ணம்பாடி வேணுகோபாலசாமி கோயிலைத் தண்ணீருக்குள்ளிருந்து பிரித்தெடுத்து மேட்டில் திரும்பக் கட்டினார்களே, ஷெட்டிஹள்ளியையும் அப்படிச் செய்ய முடியாதா?

---

கரணை எழுதியது:

தம்பி, கண்ணம்பாடிக் கோயில் கல் கட்டடம். ஒவ்வொரு கல்லுக்கும் எண் போட்டு, பிரித்து, அதே வரிசையில் அடுக்கலாம். செங்கல் கட்டடத்தை அப்படிப் பிரிக்க முடியாது. செங்கலும் சாந்தும் 150 வருடத்தில் ஒரே உடம்பாகிவிட்டன, பிரித்தால் இரண்டுமே தூளாகும். அதே வடிவில் புதிதாக ஒன்று கட்டலாம். அது இன்னொரு கோயில்.

இருக்கும் இடத்திலேயே சில வருடம் நீட்டிக்க வழி உண்டு. தண்ணீர் இறங்கியிருக்கும் மூன்று நான்கு மாதத்துக்குள் சுவர்த் தலையைச் சுண்ணாம்புச் சாந்தால் சரிவாக மூட வேண்டும், செடியை எடுக்க வேண்டும், அரித்துப்போன பட்டையில் அதே அளவுச் செங்கலைச் சுர்க்கிச் சாந்தில் வைத்துத் தைக்க வேண்டும். சிமெண்டைக் கிட்டேயே கொண்டுவரக் கூடாது. சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே பூட்டிவிடும், உப்பு வெளியே வர வழியில்லாமல் பழைய செங்கல் உள்ளுக்குள்ளேயே மாவாகும். வெளியே பார்க்கத் திடமாக இருக்கும், அதுதான் ஆபத்து. நல்ல மனதோடு ஆரம்பித்துச் சிமெண்டால் கெட்ட கட்டடங்களை நிறையப் பார்த்துவிட்டேன், சிலவற்றில் பூச்சை உரித்தபோது என் கையிலேயே செங்கல் கொட்டியது.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வளைவின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். பெயர் செதுக்காதீர்கள். நான் போன அன்று ஒருவர் ஜன்னல் திண்டில் ஏறி உட்கார்ந்திருந்தார், காலுக்குக் கீழே செங்கல் ஆடியது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

---

தென்னங்கீற்று எழுதியது:

கரணை அண்ணா, மூன்று முறை படித்துவிட்டேன். அப்பாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கதவில்லாததால்தான் நின்றது என்ற இடத்தில் அவர் தலையை ஆட்டினார், எங்கள் வாய்க்கால் மதகைப் பற்றி அவர் சொல்வதும் அதேதானாம். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒத்துப்போனால் பலகைக்கு வலியில்லை என்பார்.

நீங்கள் கொடியேற்றத்துக்கு முன் வெள்ளையடிப்பதைச் சொன்னபோதுதான் எனக்கு இது உறைத்தது. செபமாலை மாதா திருநாள் அக்டோபர் 7. நான் முதலில் போனதும் அக்டோபரில்தான். அந்தக் கோயிலின் சொந்தத் திருவிழா வரும் மாதத்தில்தான் அணை நிரம்பிக் கிடக்கிறது. வெள்ளையடிக்கச் சாரம் கட்ட வேண்டிய நாளில் சுவரைச் சுற்றிப் பரிசல் போகிறது. அன்று வளைவுக்கு அடியில் பரிசல் நுழைந்தபோது, அக்கா பெண் காரணம் தெரியாமலே சிலுவை போட்டுக்கொண்டாள். அதை இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரலில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போகிறேன். அவருக்கு 74 வயது, இத்தனை வருடம் காதால் மட்டும் கேட்ட ஹேமாவதியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். காரைத் துண்டின் உடைந்த பக்கத்தைப் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுத்து இங்கே போடுகிறேன். சிவப்பா வெள்ளையா என்று நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

---

கரணை எழுதியது:

நல்லது தங்கச்சி. காலையில் 9 மணிக்குள் போய்விடுங்கள், சாய்ந்த வெளிச்சத்தில் செம்பொடி நன்றாகத் தெரியும். துண்டைக் கொஞ்சம் தண்ணீரில் நனைத்துவிட்டுப் படம் எடுங்கள், நிறம் துல்லியமாக வரும். சுவரிலிருந்து பெயர்க்க வேண்டாம், கீழே கிடப்பதே போதும். உங்கள் அப்பாவை உதைசுவர் ஓரமாக நிழலில் உட்காரவையுங்கள், வளைவுக்கு நேர் கீழே வேண்டாம்.